எண்ணெய் காறிவிட்டதா? குமரி மாவட்டச் சமையலறைக்கும் செக்குக்கும் ஒரு கையேடு

கொப்பரையைச் செக்கில் கொடுத்து ஆட்டி, கேனில் நிரப்பி வருஷம் முழுக்கப் புழங்கும் வழக்கம் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னும் இருக்கிறது. நாலைந்து மாதத்தில் அந்த எண்ணெய் தொண்டையைப் பிடிக்கத் தொடங்கினால் பழி கேன் மேல் விழும், இல்லையென்றால் செக்குக்காரர் மேல் விழும். ஆனால் கெடுதல் அதற்கு வெகு முன்பே, கொப்பரை காயப்போட்ட இடத்திலேயே தொடங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு முதல் எதிரி ஈரம். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் முதல் எதிரி காற்று. இந்த வித்தியாசம் தெரிந்தால் எதை முகர வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கெடும் வழிகள்

கொழுப்பு என்பது கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த மூலக்கூறு. ஈரம் இருந்தால், கொப்பரையில் உள்ள அல்லது பூஞ்சை சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கோர்வையை அறுத்து அமிலத்தைத் தனியாக்குகிறது. சூரியகாந்தி எண்ணெயில் இப்படிப் பிரியும் அமிலங்கள் நீளமானவை, நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், அதைவிடக் குட்டையான கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்களும் உண்டு. இவை கொஞ்சம் பிரிந்தாலே வாயில் சோப்புச் சுவை வரும், தொண்டை காறும். ஊரில் 'காறல்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது வழி காற்று. கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு எத்தனை இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆக்சிஜன் உள்ளே புகும். இதை அளப்பது அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரைதான், நல்லெண்ணெய்க்கு நூறைத் தாண்டும். அதனால்தான் தேங்காய் எண்ணெய் காற்றில் சட்டென்று கெடுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் திறந்து வைத்தால் பழைய பெயிண்ட் டப்பா வாடைக்குப் போய்விடும், அதுதான் சிக்கு வாடை. நல்லெண்ணெய் இந்தக் கணக்குக்குச் சற்று விலகி நிற்கும். அதிலுள்ள செசமால், செசமோலின் என்ற பொருட்கள் ஆக்சிஜனைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வழி தேங்காய்க்கு மிகவும் சொந்தமானது. ஈரக் கொப்பரையில் வளரும் பூஞ்சை, குட்டையான கொழுப்பு அமிலங்களை மெத்தில் கீட்டோன் என்ற பொருட்களாக மாற்றுகிறது. சென்ட் அடித்ததுபோல ஒரு இனிப்பு வாடை, அதன் அடியில் பழைய பாலாடைக்கட்டி வாடை. முதல் முறை முகர்பவர்கள் 'நல்ல மணமாக இருக்கிறதே' என்றுகூட நினைப்பார்கள். அந்த மணம் பூஞ்சையின் அடையாளம். அந்தக் கேனைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

முகர்ந்து பார்க்கும் முறை

பாட்டிலின் வாயில் மூக்கை வைத்து முகர்வது அரைகுறை வேலை. மூடியில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்தான் முதலில் மூக்கில் ஏறும்.

சின்ன எவர்சில்வர் டம்ளரில் 15 முதல் 20 மில்லி எண்ணெய் எடுங்கள். கை பொறுக்கும் வெந்நீரில், ஏறக்குறைய 50 டிகிரியில், டம்ளரை நிறுத்தித் தட்டால் மூடி மூன்று நிமிடம் விடுங்கள். தட்டை விலக்கிய உடனே ஒரே ஒரு மூச்சு இழுங்கள். இரண்டாவது, மூன்றாவது மூச்சில் மூக்கு பழகிவிடும், தீர்ப்பு தவறும். காப்பி குடிப்பதற்கு முன், காலையிலேயே செய்வது நல்லது. பிறகு அரை டீஸ்பூன் வாயில் விட்டு நாக்கு முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். காறல் உடனே வராது, அரை நிமிடம் கழித்துத் தொண்டையின் அடியில் தெரியும். அதற்குள் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமான தவறு.

ஒப்பிட ஒரு சாட்சி எண்ணெய் வேண்டும். புதிதாக ஆட்டிய அன்றே 100 மில்லியைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால், மாதத்துக்கு மாதம் நடக்கும் மாற்றம் கையில் பிடித்தாற்போலத் தெரியும். தனியாக முகர்ந்து கண்டுபிடிக்க முடியாத தொடக்கக் காறலைக்கூட இது காட்டிக்கொடுக்கும்.

மார்கழி, தை விடியலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்தாலும் பாதி உறைந்து குருணை குருணையாக நின்றாலும் அது கெட்டதற்கு அடையாளமில்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகுவது. அதற்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும்.

கொப்பரையில் பார்க்க வேண்டியவை

முற்றின தேங்காய்ப் பருப்பில் பாதி தண்ணீர். ஆட்டுவதற்கு அது 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கணக்கு எளிது: 100 கிலோ பச்சைப் பருப்பு காய்ந்து ஏறக்குறைய 53 கிலோவாக வர வேண்டும். 60 கிலோவில் நின்றால் உள்ளே இன்னும் 16, 17 சதவீதம் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காயப்போடும்போதே ஒரு கூடையை மட்டும் எடை போட்டுக் குறித்து வைத்தால், தினமும் அந்த ஒரு கூடையை நிறுத்தாலே போதும்.

கையால் பார்க்கும் முறையும் உண்டு. நன்கு காய்ந்த கொப்பரையை வளைத்தால் பட்டென்று ஒடியும், ஒடிந்த முகம் மங்கலாக இல்லாமல் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். செருப்புத் தோல்போல வளைந்து பிறகு கிழிந்தால் ஈரம் 10க்கு மேல். விளிம்பு காய்ந்து நடுப்பகுதி வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் வெயில் ஒரேயடியாக ஏறி மேற்பரப்பு இறுகிப்போயிருக்கிறது. உள்ளே பூட்டிய ஈரம் சாக்குக்குள் வைத்த பிறகு மெல்ல வெளியே வரும். அந்தச் சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வெயிலை நம்பித் தேங்காய் வெட்டினால் மூன்றாவது நாளில் வழுவழுப்பு வரும். அப்போது பலர் செய்வது இரண்டு: அடுப்புப் புகையில் காயவைப்பது, கந்தகம் புகைப்பது. புகையில் காய்ந்த கொப்பரை எண்ணெயைப் பழுப்பாக்கும், புகை வாடையை ஏற்றும், பென்சோபைரீன் போன்ற நச்சுப் பொருட்களும் கூடவே வரும். கந்தகம் புகைத்தது தேவைக்கு மேல் வெளுத்திருக்கும், உடைத்து முகர்ந்தால் தீக்குச்சி கொளுத்தின நெடி அடிக்கும். மழைக்காலத்தில் பளீர் வெள்ளைக் கொப்பரையைக் கண்டால் சந்தேகப்படுவதில் தப்பில்லை. புகை பருப்பில் படாமல் வெப்பம் மட்டும் ஏறும் உலர்த்தி கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை. இல்லையென்றால் மாசி, பங்குனிவரை தேங்காயை உடைக்காமல் முழுசாக வைத்திருப்பது மேல்.

பூஞ்சையின் நிறத்தைக் கவனியுங்கள். மேலோட்டமான பச்சைச் சாம்பல் பூஞ்சை, ஓரளவு காய்ந்த பிறகு காற்றின் ஈரத்தால் வந்தது. மஞ்சள் கலந்த பச்சை என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஆக இருக்கலாம், அது அஃப்ளடாக்சின் என்ற ஈரல் நச்சைச் சுரப்பது. துடைத்துவிட்டு ஆட்டலாம் என்ற பேச்சே வேண்டாம், நஞ்சு துடைப்பில் போகாது, கொதிக்க வைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கித் தனியே ஒதுக்க வேண்டும். பத்தில் ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் அந்தச் சாக்கையே சமையல் எண்ணெய்க்கு ஆட்டக் கூடாது என்பது எங்கள் தீர்ப்பு.

ஆட்டிய பிறகு

செக்கிலிருந்து வரும் எண்ணெயில் கசடும் சிறிது ஈரமும் இருக்கும். ஒரு பஞ்சுத்திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் பரவாயில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து மெல்லச் சூடாக்கினாலும் இதே சத்தம் கேட்கும்.

ஈரம் இருந்தால் அகலப் பாத்திரத்தில் ஊற்றி, சத்தம் அடங்கும்வரை 100 முதல் 105 டிகிரிக்குள் சூடாக்குங்கள். புகை வரவிடக் கூடாது. ஆறிய பின் மூன்று நாள் அசையாமல் வைத்து, தெளிந்த மேல் எண்ணெயை மட்டும் இறுத்து, இரட்டை மல் துணியில் வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் கசட்டோடு சேமித்தால் அந்தக் கசட்டிலுள்ள புரதமும் ஈரமும்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஆறு மாதம் கழித்துக் கெட்ட கேன்களில் பெரும்பாலும் அடியில் ஒரு விரற்கடை கசடு இருக்கும்.

10 கிலோ நல்ல கொப்பரைக்கு ஏறக்குறைய 6 கிலோ எண்ணெய் வரும், லிட்டர் கணக்கில் ஆறரை. மிச்சத்தில் மூன்றரைக் கிலோ பிண்ணாக்கு, மீதி ஈரமும் கசடுமாகப் போகும். இந்தக் கணக்கு கடையில் வாங்கும்போதும் உதவும். உதாரணத்துக்குக் கொப்பரை கிலோ 150 ரூபாய், பிண்ணாக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய்க் கொப்பரையில் மூன்றரைக் கிலோ பிண்ணாக்குக்கு 105 ரூபாய் கழித்தால் 1,395. அதை ஆறால் வகுத்தால் எண்ணெய் கிலோவுக்கு 232 ரூபாய், ஆட்டுக்கூலி தனி. அன்றைய கொப்பரை விலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அதற்கும் கீழே 'சுத்தமான செக்கு எண்ணெய்' கிடைத்தால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. ஆய்வகம் போகாமலே செய்யக்கூடிய மிக நல்ல சோதனை இதுதான்.

சேமிப்புக்குக் கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் பரணி நல்லவை. கழுத்துவரை நிரப்பி இருட்டில் வையுங்கள். பெரிய கேனை வாரம் மூன்று முறை திறப்பதைவிட, ஒரு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக எடுப்பது மேல். கழுவிய பாட்டிலை வெயிலில் முழுசாகக் காயவைத்த பிறகே ஊற்றுங்கள், கழுத்து மடிப்பில் நிற்கும் சொட்டு நீர் போதும். பித்தளையும் செம்பும் வேண்டாம். செம்பு ஆக்சிஜனேற்றத்தைப் பல மடங்கு விரைவுபடுத்தும். ஈயம் பூசாத வெண்கல உருளியில் பொரித்த எண்ணெயை அதிலேயே மறுநாள்வரை விடுவதும் இதே கதைதான்.

செக்குக்காரர்களுக்கு: அமில எண்

நாக்கு வாடிக்கையாளரிடம் வாதிட உதவாது, எண் உதவும். எண்ணெயில் பிரிந்து நிற்கும் அமிலம் எவ்வளவு என்று சொல்வதுதான் அமில எண். ஒரு தராசு, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாய், கூம்புக் குடுவை இருந்தால் செக்கிலேயே செய்யலாம்.

குடுவையில் 10 கிராம் எண்ணெய் நிறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் 50 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்து, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீன் சில சொட்டு விட்டு, மங்கலான இளஞ்சிவப்பு வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆல்கஹாலின் சொந்த அமிலமும் எண்ணெயின் கணக்கில் ஏறிவிடும். அதை எண்ணெயில் ஊற்றி வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நேரடித் தீ கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும். சூட்டோடு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு நன்றாகக் குலுக்குங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்தலாம்.

செலவான மில்லியை 0.56 ஆல் பெருக்கினால் அமில எண், 0.2 ஆல் பெருக்கினால் லாரிக் அமிலக் கணக்கில் சதவீதம். 3.5 மில்லி செலவானால் அமில எண் ஏறக்குறைய 2, அமிலம் 0.7 சதவீதம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தேங்காய் எண்ணெய்க்கு வைத்திருக்கும் உச்சவரம்பு அமில எண் 6, அதாவது பத்தே முக்கால் மில்லிக்குச் சற்றுக் குறைவு. சட்டத்துக்கு அது போதும், ஆனால் நாலைத் தாண்டிய எண்ணெயைப் புதிது என்று யாரும் விற்கக் கூடாது. நல்ல கொப்பரையில் இரண்டுக்குக் கீழே நிறுத்துவது முடியாத காரியமில்லை.

பெராக்சைடு எண் ஆக்சிஜனேற்றத்தை அளப்பது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி உச்சவரம்பு, சுத்திகரித்த எண்ணெய்க்குக் கிலோவுக்கு 10 மில்லிஈக்விவலன்ட், ஆட்டிய எண்ணெய்க்கு 15. இதில் ஒரு பொறி உண்டு: எண்ணெய் ரொம்பக் கெட்டபின் பெராக்சைடுகள் சிதைந்து ஆல்டிஹைடுகளாகிவிடும், எண் மறுபடி இறங்கும். குறைந்த எண்ணும் சிக்கு வாடையும் சேர்ந்து வந்தால் மூக்கை நம்புங்கள்.

கலப்படம்

உருக்கிய எண்ணெயை 50 மில்லி ஒல்லியான கண்ணாடியில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் உறைய விடுவது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. முழுக்க வெள்ளையாக இறுகினால் நல்லது, மேலே திரவமாக ஓர் அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் உண்டு. பெரிய கலப்படத்தை இது பிடிக்கும், சின்னக் கலப்படம் தப்பிவிடும். எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் பாம் கர்னல் எண்ணெய் சேர்த்தால் அறவே பிடிக்காது, ஏனென்றால் அதுவும் தேங்காய் எண்ணெயைப்போலவே உறையும்.

ஆய்வகத்தில் அயோடின் எண் பார்த்தாலும் கர்னல் எண்ணெய் நழுவக்கூடும். 9 உள்ள தேங்காய் எண்ணெயில் 58 உள்ள பாமோலின் ஐந்து சதவீதம் சேர்ந்தாலே எண் 11ஐத் தாண்டி மாட்டிக்கொள்ளும். 18 உள்ள கர்னல் எண்ணெய் பத்து சதவீதம் சேர்ந்தாலும் 9.9தான். கர்னல் எண்ணெயைப் பிடிக்கக் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபி வேண்டும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது பாளையங்கோட்டை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி மாதிரியைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும், அது சட்டத்திலேயே உண்டு.

பொரித்த எண்ணெய்

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிற கடையில் நின்று பாருங்கள். உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைக் கொதிக்கிற எண்ணெயிலேயே தெளிப்பார்கள், சீறிக்கொண்டு எழும். மணத்துக்கும் உப்பு சீராகப் பிடிப்பதற்கும் அதுதான் வழி. ஆனால் ஒவ்வொரு தெளிப்பிலும் நீராவி எண்ணெயைப் பிளக்கிறது, அமிலம் ஏறுகிறது. மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ் பொரிக்கும் சட்டியைவிட ஏத்தங்காய்ச் சட்டி சீக்கிரம் புகைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயின் புகைநிலை 175 டிகிரி சுற்றளவு. பொரிப்பதும் 170 முதல் 180க்குள்தான். இடைவெளி ஏற்கெனவே இல்லை, அமிலம் கொஞ்சம் ஏறினாலும் பொரிக்கும் சூட்டிலேயே கண் எரியும்.

நல்ல எண்ணெயில் குமிழி பெரிது, சிப்ஸை அள்ளியதும் அடங்கிவிடும். கெட்டதில் குமிழி பொடியாக, சோப்பு நுரைபோலச் சட்டியின் ஓரத்தில் நின்று ஏறும். கரண்டியிலிருந்து ஒழுகும்போது சொட்டாமல் இழையும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மஞ்சள் தெளித்த எண்ணெய் எப்படியும் கறுக்கும். 2018 ஜூலை முதல் மொத்தத் துருவப் பொருட்கள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. சூடான எண்ணெயில் முக்கினால் இந்த எண்ணைக் காட்டும் மீட்டர் கிடைக்கிறது. நாள்தோறும் பொரிக்கும் கடைக்கு அது செலவாகத் தோன்றினாலும், நல்ல எண்ணெயை அவசரப்பட்டுக் கொட்டாமலும் காக்கும்.

பழைய எண்ணெயின் மேல் புதுசை ஊற்றி 'சரிக்கட்டுவது' வேண்டாம். பழசிலுள்ள அமிலமும் பெராக்சைடும் புதியதையும் இழுத்துவிடும். வீட்டில் ஒருமுறை பொரித்ததை வெதுவெதுப்பிலேயே வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். சாளை, அயலை பொரித்த எண்ணெயை எடுத்து வைக்கவே வேண்டாம். மீனின் நெய் அதில் கலந்திருக்கும், அது எல்லா எண்ணெயிலும் வேகமாகக் காற்றுக்கு இரையாவது. மறுநாள் கறியில் வரும் வீச்சம் அதனால்தான்.

எண்ணெய் ஒளிந்திருக்கும் பண்டங்கள்

சாளைக் கருவாட்டின் வயிற்றுப் பக்கம் துருப்பிடித்த மஞ்சள், பழுப்பு நிறம் தெரிந்தால் அதன் கொழுப்பு ஆக்சிஜனேறிவிட்டது, கழுவிப் பயனில்லை. நெத்திலியில் கொழுப்பு குறைவு, அதனால் இந்தத் தொல்லையும் குறைவு. இளஞ்சிவப்புப் படலம் வேறு சங்கதி. உப்பில் வாழும் நுண்ணுயிர் அது. புத்தளம், சாமித்தோப்பு போன்ற உப்பளங்களில் வெயிலில் விளையும் உப்பில் இது இயல்பாகவே வரும். குளிரில் வளராது, ஆகவே கருவாட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது வீண் வேலையில்லை. வழுவழுப்பு வந்துவிட்டால் தூக்கிப்போடுங்கள். பச்சைச் சாளை, அயலை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும், அது கொதிக்கும் குழம்பிலும் அழியாது. மீனும் ஐஸும் சம எடையில் போட்டு வையுங்கள்.

முந்திரிக்கொத்து என்ற பலகாரம் சீக்கிரம் கெடுவது மேல்மாவால் நடப்பதில்லை, உள்ளே இருக்கும் தேங்காயால் நடப்பது. துருவலை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்தால் வாரக்கணக்கில் நிற்கும், அரைவறுவலில் விட்டால் மூன்றாம் நாள் உருண்டையைப் பிட்டதும் அந்தச் சோப்புச் சுவை எட்டிப்பார்க்கும். தேங்காய்ச் சட்னி நூல்போல இழுபட்டால் பேச்சே இல்லை, கொட்டிவிடுங்கள்.

கழித்த எண்ணெயும் பிண்ணாக்கும்

காறிப்போன, ஆனால் பூஞ்சை வாடை இல்லாத எண்ணெயை விளக்குக்கு வைக்கலாம். பொரித்துக் கழித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைக்கும். கடைக்காரர்கள் பயோடீசலுக்குச் சேகரிப்பவர்களிடம் கொடுக்கலாம். 2018 ஆகஸ்டில் தொடங்கிய ரூகோ திட்டம் இதற்காகவே வந்தது.

பூஞ்சைக் கொப்பரையின் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்க வேண்டாம். அஃப்ளடாக்சினில் பெரும்பங்கு எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கில் தங்குகிறது. மாடு தின்றால் எம்1 என்ற உருவில் பாலில் இறங்கும். பாலுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான், கொஞ்சம் தின்றாலும் தாண்டிவிடும். கோழிக்கும் தாராவுக்கும் (வாத்துக்கும்) இன்னும் மோசம். எருக்குழியில் போட்டு மண் மூடுவதே அதற்கு வழி.